பொன் மினுங்கும் பச்சை மை

மை என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்கும். கண்ணுக்கு எழுதும் அஞ்சனமும் மை எனப்படும். கார்முகிலும் மை எனப்படும். இருளும், ஆடும், குற்றமும் அப்பெயர் பெறும். எழுதுதற்குக் கொண்ட நீர்க்கும் அப்பெயர் வந்தது, அது தொடக்கத்திற் கருநிறம் உடையதாயிருந்தமை பற்றியாம். ஆகவே பச்சை மை, சிவப்பு மை என்பன சொல்லளவில் நோக்குவார்க்கு முரண்பட்ட தொடர்களே. எள்ளினின்று எடுத்த நெய்க்கு உரிய எண்ணெய் என்னும் பெயர் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் எனப் பிறவற்றிற்கும் விரிந்தாற்போல, கருமை குறித்த மை என்னும் பெயரும் எந்நிறத்து எழுதுநீர்க்கும் பொதுவாயிற்று. நிறம் பலவாயினும் தொழில் ஒன்றே. எழுதியவன் சென்ற பின்னும் அவன் சொல்லை நிறுத்திக் காட்டுதலே மையின் தொழில்.

இந்நாட்டிற் பச்சை மை என்ற அளவில் அரசிதழிற் பெயர் வெளியாகும் உயரதிகாரியின் கையொப்பமே பலர்க்கும் நினைவில் வரும். சான்றிதழ்ப் படிகளைக் கையில் ஏந்தி, பச்சை மையாற் சான்றொப்பம் வேண்டி அலுவலக வாயில்களிற் காத்து நின்ற மாணாக்கர் மிகப் பலர். விண்ணப்பிப்போர் தாமே ஒப்பமிட்டு அளிக்கும் படியை ஏற்கும் முறை 2014-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய பின்னர் அக்காத்திருப்புப் பெரிதும் குறைந்தது. ஆயினும், “அவர் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர்” என்று மதிப்புத் தோன்றக் கூறும் வழக்கு ஊர்களில் இன்றும் உண்டு.

அண்மையில் அங்காடிக்கு வந்துள்ள பச்சை மை ஒருவகை அதிகாரங் காட்ட வந்ததன்று. அழகு காட்ட வந்தது. எழுதிய எழுத்து மரகதம்போல் விளங்க, அதனிடையே பொன்துகள் மினுங்கும். 1670-ஆம் ஆண்டைத் தன் தோற்றமாகக் கூறும் பிரான்சு தேசத்து எர்பேன் நிறுவனம், கொலம்பியா நாட்டுச் சிவோர் மரகதச் சுரங்கத்தின் பெயரால், நீலஞ் சார்ந்த பச்சையிற் பொன்துகள் கலந்த மையொன்றை 2015-இல் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் டயமின் நிறுவனமும் மினுக்க மைகளை விற்கத் தொடங்கிற்று. பின்னர்ப் பிற நாட்டாரும் பலவாறு செய்யலாயினர். இவ்வகையைச் சார்ந்த மைப்புட்டி ஒன்று கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் முதியவர் ஒருவர் கைக்கு வந்ததும், அவர் அதனைச் சோதித்ததும், அச்சோதனையால் விளைந்ததும் ஈண்டு உரைக்கப்படும்.

அம்முதியவர் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். இளமையில், 1962 முதல் 1965 வரை, புலவர் ஒருவரிடம் வியாழன்தோறும் மாலையிற் சிவஞான சித்தியார்க்குப் பாடங் கேட்டவர். அப்புலவர் மடத்துக் கல்வியுடையவர். தாமாக நூல் ஒன்றும் எழுதி அச்சிட்டாரல்லர். திருப்பாதிரிப்புலியூர் வாய்மொழிக் கல்விக்குப் பேர்போன ஊர். ஞானியார் மடாலயத்து ஐந்தாம் பட்டத்து அடிகள், 1905-இற் சைவ சித்தாந்த மகா சமாசம் தோன்றக் காரணராயிருந்தவர், மணிக்கணக்காக விரிவுரையாற்றுதலிற் பெரும்புகழ் பெற்று விளங்கி 1942-இற் சிவப்பேறுற்றார். அத்தகைய ஊரில் அறிவு பெரும்பாலும் நாவிலும் செவியிலுமே நிற்பது. ஆசிரியர் சொல்ல மாணவர் குறித்துக்கொண்டது எஞ்சும். குறியாதது காற்றோடு போம். மேற்கூறிய புலவர் சொல்லியவற்றை இறுதிவரை குறித்துக்கொண்ட மாணவர் இருவரே. ஒருவர் இம்முதியவர், மற்றவர் சிதம்பரத்தார்.

முதியவருடைய குறிப்பேடுகள் மூன்று. அக்காலத்துக் கடையில் விற்ற நீல மை வில்லையை நீரிற் கரைத்து, ஊற்றுப்பேனாவில் இட்டு எழுதியவை அவை. 2011-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30-ஆம் நாட் காலையிற் ‘தானே’ புயல் கடலூர்க்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. அவர் வீட்டுக் கூரையின் ஓடுகள் பெயர்ந்தன. மழைநீர் பரணில் இறங்கிற்று. பெட்டியில் இருந்த ஏடுகள் மூன்றும் நனைந்தன. உலர்த்தி எடுத்து நோக்கியபோது தாள் இருந்தது. தாளில் அச்சிட்ட கோடுகளும் இருந்தன. கோட்டின்மேல் நின்ற எழுத்துமட்டும் பல பக்கங்களில் வெளிறிய நீலக் கறையாய்ப் படர்ந்து கிடந்தது. மூன்று ஆண்டு கேட்ட பாடத்திற் செம்பாகத்துக்கு மேல் இவ்வாறு மறைந்தது.

சிதம்பரத்துச் சகபாடியார் கீழவீதியை அடுத்த தெருவில் வாழ்பவர். அவர் தந்தையார் கணக்கெழுதுந் தொழிலர். மையை வீட்டிலேயே கூட்டிக்கொள்பவர். கடுக்காயை நொறுக்கி நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றில் அன்னபேதியும் சிறிது வேலம்பிசினுஞ் சேர்ப்பது அவர் முறை. கடுக்காயின் துவர்ச்சத்தும் அன்னபேதியில் உள்ள இரும்பும் கூடிய அம்மை எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப்பட்டபின் கறுத்துத் தாளோடு பற்றிக்கொள்ளும், நீரிற் கரையாது. ஐரோப்பியர் மாசிக்காயைக் கொண்டு பன்னூற்றாண்டு செய்துவந்த மையும் இவ்வினமே. மகனும் அம்மையைத் தொட்டே தம் பாடக்குறிப்பை எழுதினார். ஆயின் அதற்குரிய குற்றம் வேறு. அன்னபேதியினின்று எழும் புளிப்பு நாளடைவில் தாளைத் தின்னும். அறுபது ஆண்டு கழிந்த பின், சகபாடியாரின் ஏட்டிற் பேனா அழுந்திய இடங்களெல்லாம் எழுத்தின் வடிவிலேயே துளைகளாயின. விரல் பட்ட அளவிற் சில தாள்கள் முறிந்தன. ஆக, கடலூர் ஏட்டில் தாள் நின்று எழுத்துப் போயிற்று. சிதம்பரத்து ஏட்டில் எழுத்து நின்று தாள் போயிற்று.

இரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒன்றிற் போயதை மற்றொன்றில் ஓரளவு பெறலாம் என்பது முதியவர் கருத்து. இருவரும் எண்பதை எட்டியவர். ஏடுகளும் அவரும் இன்னும் சில காலமே நிற்கத்தக்கவர். ஆதலின் இனித் தாழ்த்தலாகாதென்று, புதிய ஏட்டிற் படியெடுக்கத் துணிந்தனர்.

அப்பொழுதுதான் பச்சை மை வந்து சேர்ந்தது. முதியவரின் மகள் வயிற்றுப் பேத்தி, 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயில்பவள். பாட்டனார் படியெடுக்கப்போவதை அறிந்து, தன் கைப்பொருளில் அம்மையை வருவித்துக் கொணர்ந்தாள். “தாத்தா, உங்கள் ஆசிரியர் பாடத்தை வெறும் நீல மையில் மறுபடியும் எழுதலாமா? இதில் எழுதுங்கள். பொன்னெழுத்தாகவே இருக்கும்” என்றாள்.

“எழுதிப் பார்ப்போம் அம்மா. இதன் அழகு கண்ணுக்குத் தெரிகிறது, உறுதி தெரியவில்லை. இரண்டையும் பார்த்த பிறகுதான் ஆசிரியர் வாக்கை இதனிடம் ஒப்படைக்க வேண்டும்” என்றார் முதியவர்.

அழகைப் பற்றிய சோதனை முதலில் நிகழ்ந்தது. அசையாது வைத்த புட்டியில் மேலே கரும்பச்சை நீரும் அடியிற் பொன்னிற மண்டியும் பிரிந்து நின்றன. மெல்ல மேல்கீழாகப் பலகால் திருப்பியபோது மண்டி எழுந்து நீர் முழுதும் புரண்டது. கூரிய முள்ளுடைய பேனா ஒன்றில் அதனை இட்டு எழுதினார். நான்கு வரி ஓடுமுன் மை தடைப்பட்டு நின்றது. துகள் நுழைவாயை அடைத்தமையே காரணம். பின்னர் அகன்ற முள்ளுடைய பேனாவை எடுத்தார். அது திருவள்ளூரில் எபோனைட்டுக் கட்டையைக் கடைந்து செய்தது. அவ்வூர்ப் பேனாக்கள் பிற நாட்டாராலும் விரும்பி வாங்கப்படுவன. அதில் மை தடையின்றி இறங்கிற்று.

பள்ளிக் குறிப்பேட்டுத் தாளில் எழுதியபோது மை ஊறிப் பரந்து, வெறும் பச்சையாகவே தோன்றிற்று, பொன் புலப்படவில்லை. வழவழப்பும் திண்மையும் உடைய தாளில் எழுதியபோதோ, அது தன் முழு இயல்பையுங் காட்டிற்று. பேனா நேரே ஓடும் இடத்திற் பசுமை மெலிந்தும், சுழித்துத் திரும்பும் இடத்தில் மை தேங்கிப் பசுமை செறிந்தும் நின்றன. தேங்கிய இடத்திலேயே பொன்னுந் தங்கிற்று. ணகரத்தின் சுழிகளிலும், ழகரத்தின் அடிவளைவிலும், ஐகார உயிர்மெய்யின் இணைக்கொம்பிலும் பொன்மணி வைத்தாற்போல மினுங்கிற்று. சுழியும் வளைவும் மிக்க தமிழெழுத்திற்கென்றே கூட்டிய மையோ என எண்ணத் தக்கதாயிருந்தது. தாளைச் சிறிது சாய்த்து நோக்கியபோது மை திரண்ட விளிம்புகளிற் செந்நிறமும் தோன்றி மறைந்தது.

இவ்விரண்டு ஒளிக்கும் காரணம் வேறு வேறாம். பொன்னொளி தருவது பொன்னன்று, அப்பிரகம். தமிழ்மக்கள் அதற்குக் காக்காய்ப்பொன் எனப் பெயரிட்டு அதன் இயல்பை முன்னரே உரைத்தனர். ஆந்திர நாட்டு நெல்லூர்ப் பகுதியிலும் சார்க்கண்டத்துக் கோடர்மாவிலும் பேரளவில் தோண்டி எடுக்கப்பட்ட பொருள் அது. ஏடேடாகப் பிரியும் அதனை நுண்ணிய துகளாக்கி, அத்துகளின்மேல் டைட்டானியம் ஆக்சைடை மிக மெல்லிய பூச்சாகப் படிவிப்பர். பூச்சின் மேற்புறத்தும் கீழ்ப்புறத்தும் பட்டு மீளும் ஒளிகள் தம்முட் கலந்து சில நிறத்தை மிகுக்கும், சில நிறத்தைக் குறைக்கும். பூச்சின் பருமனுக்கேற்ப வெள்ளியும் பொன்னும் பிறவுமாகிய நிறங்கள் தோன்றும். சவர்க்காரக் குமிழியில் வானவில் நிறம் தோன்றுவதும் இம்முறையாலேயே. விளிம்பிற் காணும் செம்மையோ சாயத்தின் செயல். தாள் உறிஞ்சாது மேலே திரண்டு காய்ந்த சாயம் மாழைபோல் ஒளியைத் திருப்புகின்றது. அவ்வாறு திரும்பும் ஒளி சாயத்தின் நிறத்துக்கு மறுதலையான நிறமாக இருக்கும். சாயம் நீரிற் கரைந்து நிற்பது; துகள் கரையாது மிதந்து, பின் அடியில் தங்குவது. இவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படும்.

பச்சை நிறம் எழுதுவோர்க்கு எக்காலத்தும் எளிதில் வசப்பட்டதன்று. முற்காலத்து ஓவியரும் நூலெழுதுவோரும் பச்சைக்குப் பெரிதும் நாடியது செம்பிற் களிம்பு. செம்பின்மேற் புளிப்புப் படர எழும் அக்களிம்பு கண்ணுக்கு இனியது, தாளுக்குப் பகை. பச்சை பூசிய இடம் முதலிற் பழுத்து, பின் கறுத்து, முடிவிற் கிழிந்து விழுந்த சுவடிகள் பல நாட்டிலும் உள. பாரசீக நாட்டு நூலெழுத்தாளர் அக்கேட்டைத் தணித்தற்குக் களிம்போடு குங்குமப்பூவைச் சேர்க்கும்படி விதித்தனர். அது பயன் தருவதென்பதை இக்கால ஆராய்ச்சியாளரும் கண்டனர். உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுதல் சைவ நூலார் வழக்கு. செம்போடு உடன் நிற்பது, உள்ளிருந்து ஒளியை மறைப்பது என்னும் இரண்டும் பற்றி அவ்வுவமை எழுந்தது. சுவடியை எழுதுவோர் அதன் மூன்றாவது இயல்பையும் அறிந்தனர். தான் பற்றியதை அது தின்னும்.

1856-இற் கரித்தாரினின்று செயற்கைச் சாயம் தோன்றிய பின் நிலைமை மாறிற்று. 1877-இற் கண்ட மாலகைட்டுப் பச்சை செம்புக்கல்லின் பெயர் பூண்டதாயினும் செம்பு சிறிதும் இல்லாதது. அது தாளைத் தின்னாது. ஆயின் வெயிலில் விரைந்து வெளிறும். 1928-இல் இசுக்காட்லாந்துச் சாயத்தொழிற்சாலை ஒன்றில், உட்பூச்சு விண்ட இரும்புக்கலத்தில் எதிர்பாராது நீலப்பொருள் ஒன்று படிந்தது. அதனை ஆராய்ந்து, இரும்பின் இடத்திற் செம்பை வைத்துச் செய்த தாலோசயனைன் நீலம் 1935-இல் விற்பனைக்கு வந்தது. அதனோடு குளோரினைப் பெருகச் சேர்க்கப் பச்சை பிறந்தது. இதிலும் செம்பு உண்டு. ஆயின் நான்கு நைதரசன் அணுக்களின் நடுவே அது பூட்டுண்டு கிடத்தலின் தாளைத் தீண்டாது. வெயிலுக்கும் நீருக்கும் அசையாது. இலையின் பசுமைப் பொருளும் இவ்வாறே நான்கு நைதரசனின் நடுவே மக்னீசியத்தை உடையது. களிம்பாய் அவிழ்ந்து நின்ற செம்பு நூலைத் தின்றது. கட்டுண்டு நின்ற செம்பு நூலைக் காக்கின்றது. இச்செய்தியைப் பேத்தி எடுத்துரைத்தபோது, முதியவர் அதனை இருமுறை சொல்லச் செய்து கேட்டார்.

பின்னர் உறுதியைப் பற்றிய சோதனை நிகழ்ந்தது. ஒரே தாளினின்று ஐந்து துண்டுகள் கத்தரிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ‘திருப்பாதிரிப்புலியூர்’ என்னும் பெயர் இருமுறை எழுதப்பட்டது. முதற்றுண்டில் பழைய முறை நீல மை. இரண்டாவதிற் சகபாடியாரின் தந்தையார் முறைப்படி புதிதாகக் கூட்டிய கடுக்காய் மை. மூன்றாவதில் நுண்கரித் துகளால் ஆன கறுப்பு மை. நான்காவதில் மேற்கூறிய செம்புப் பச்சை நிறமியால் ஆன மை. ஐந்தாவதிற் பொன் மினுங்கும் பச்சை மை. மாசி வெயிலில் மொட்டைமாடியில் மூன்று வாரம் அவை கிடந்தன. ஒரு பெயர் வெயிலிலும் மற்றொரு பெயர் பலகையின் மறைவிலும் இருக்குமாறு வைக்கப்பட்டன. அதன்பின் ஐந்தும் அரைமணி நேரம் தாம்பாளத்து நீரில் இடப்பட்டன.

நீல மை வெயிலிற் பாதி வெளிறியது; நீரில் எஞ்சியதும் கரைந்தது. கடுக்காய் மை இரண்டுக்கும் அசையவில்லை. அதன் குற்றமோ மூன்று வாரத்தில் தெரிவதன்று, முப்பது ஆண்டில் தெரிவது. கரி மையும் நிறமிப் பச்சையும் எழுதிய வண்ணமே இருந்தன. பொன் மினுங்கும் மையின் பச்சை வெயிற்பட்ட பெயரிற் சிறிதே மெலிந்தது. நீரில் இட்ட சிறுபொழுதில் இரு பெயரினின்றும் பச்சைப்புகைபோல் நிறம் எழுந்து பரவித் தாம்பாளத்து நீர் பசுநீராயிற்று. துண்டை எடுத்து உலர்த்தியபோது வெளிறிய கறை ஒன்றும், சுழிகள் இருந்த இடங்களிற் பற்றிக்கொண்ட காக்காய்ப்பொன் துகள்களுமே எஞ்சின. எழுத்துப் போய் மினுக்கு மட்டும் நின்றது. கரைவது கரைந்தது, கரையாதது தங்கிற்று. எல்லா மினுக்க மையும் இவ்வாறே ஒழியும் என்பது இச்சோதனையாற் பெறப்படாது. சாயத்துக்கேற்ப அது வேறுபடும். இப்புட்டியில் உள்ளதன் நிலை இது.

பேத்தி முகம் வாடினாள். முதியவரோ துண்டை வெயிலிற் பிடித்து நெடுநேரம் நோக்கினார். ஆசிரியர் வாக்கைக் கரி மையில் எழுதுவது என்று அன்றே முடிவாயிற்று. அம்முடிவு புதியதன்று. ஓலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்து முதலிற் கண்ணுக்குப் புலனாவதில்லை. கோவையிலை, ஊமத்தையிலை முதலிய பச்சிலைச் சாற்றோடு விளக்குக்கரியைக் குழைத்துத் தடவித் துடைக்க, கரி கீறலில் மட்டும் தங்கி எழுத்து விளங்கும். மஞ்சளும் வசம்பும் பூச்சிக்குத் தடையாகச் சேரும். சுவடிகளில் எழுத்தைக் காட்டி நிற்பது அவ்விளக்குக்கரியே. கரி நீரிற் கரையாது, வெயிலில் வெளிறாது, தாளைத் தின்னாது. பச்சிலைச் சாறு கரியைக் கொணர்ந்து சேர்த்துவிட்டுத் தான் மறைந்து போம். பச்சை துணையாக வந்து கருமை நிலையாக நின்ற அம்முறை, இப்பச்சை மைக்கும் ஓரிடம் காட்டியது.

அது சிதம்பரத்திற் படியெடுக்கத் தொடங்கிய பின் விளைந்தது. சனிக்கிழமைதோறும் முதியவர் கடலூரினின்று தொடர்வண்டியிற் சென்றார். பேத்தி விடுதியினின்று வந்தாள். இரண்டு ஏடுகளின் பக்கங்களும் முன்னரே அவளால் நிழற்படமாக்கப்பட்டன. நிழற்படமே போதாதோ, மீண்டும் கையால் எழுதுவது எற்றுக்கு என வினவுவார் உளர். நிழற்படம் துளையைத் துளையாகவும் கறையைக் கறையாகவும் காட்டும். இரண்டு ஏட்டையும் ஒட்டி ஒரு வாக்கியமாகப் படித்துத் தருதல் அப்பாடத்தைக் கேட்டவர்க்கே இயலும். பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடங் காணும் அவ்வுழைப்பாலேயே சாமிநாதையர் 1887-இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் 1924 முதல் 1927 வரை இச்சிதம்பரத்திலேயே மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக வீற்றிருந்தவர்.

ஒரு பக்கத்தில் இரண்டு ஏடும் கைவிட்டன. உயிர் சார்ந்ததன் வண்ணமாதலை விளக்குமிடத்தில் ஆசிரியர் கூறிய உவமையின் பெயர் கடலூர் ஏட்டிற் கறையாயிற்று. சிதம்பரத்து ஏட்டில் துளையாயிற்று. “படிகம் என்றே சொன்னார், செம்பருத்திப் பூவைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாரே” என்றார் முதியவர். “இல்லை ஐயா, அன்று கண்ணாடியை எடுத்துத்தான் பேசினார். படிகம் அடுத்த வாரத்துப் பாடம்” என்றார் சகபாடியார். இஃது அற்ப வேறுபாடன்று. படிகம் அடுத்ததன் நிறத்தைத் தான் கொள்வதுபோலத் தோன்றும். கண்ணாடி எதிர்ப்பட்டதன் உருவைக் காட்டும். உவமை மாறின் கருத்தும் ஒருபுடை மாறும். நூலில் உள்ளது இன்னதெனக் காட்டலாம். ஆசிரியர் அன்று எதை எடுத்துப் பேசினார் என்பதற்கு அவ்விரு முதியோர் நினைவன்றி வேறு சான்றில்லை. அந்நினைவுகளோ ஒத்து வரவில்லை.

இடத்தை நிரப்பாது விடின் வருங்காலத்தார்க்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் நினைவுப்படி கரி மையில் நிரப்பின் அது ஆசிரியர் வாக்காகவே நிலைத்துவிடும். இருவரும் பேசாதிருந்தனர். அப்பொழுது பேத்தி, “தாத்தா, ஏட்டில் உள்ளதைக் கறுப்பில் எழுதுங்கள். நினைவில் உள்ளதைப் பச்சையில் எழுதலாமே. இரண்டு பேர் நினைவையும் எழுதலாம்” என்றாள். முதியவர் அதனை உடனே உடன்பட்டார். கறுப்பு வரியில் அவ்விடம் புள்ளியிட்டு விடப்பட்டது. பக்கத்து ஓரத்தில், ‘கடலூரார் நினைவு படிகம், சிதம்பரத்தார் நினைவு கண்ணாடி’ எனப் பச்சை மையில் எழுதப்பட்டது. மினுங்குவதாகலின் அது எவர் கண்ணுக்குந் தப்பாது. ஆசிரியர் எழுத்தென்று ஒருவரும் மயங்கார். இன்னொரு புயல் வந்து இவ்வேடு நனையுமாயின், நினைவென்று எழுதியது போம்; ஆசிரியர் வாக்கென்று எழுதியது நிற்கும். எது முன்னர் அழியவேண்டுமோ அது அழியும் மையிலேயே எழுதப்பட்டது.

பச்சை எழுத்தை எழுதும் பொறுப்புப் பேத்தியுடையதாயிற்று. கைபேசியில் தட்டியே தமிழ் எழுதிப் பழகிய அவள் விரல்கள் முதலிற் றகரமும் ணகரமும் எழுதத் தடுமாறின. மை மினுங்குவதைக் காணும் ஆசையால் அவள் சுழிகளை மெல்ல எழுதினாள். மெல்ல எழுத எழுத எழுத்துத் திருந்திற்று. எழுதுங்கால் பொருள் வினவினாள். வினவியவற்றுக்கு விடை கூறப் புகுந்த முதியோர் இருவரும், ஏட்டில் இல்லாத வேறு சில பாடச்செய்திகளையும் நினைவுகூர்ந்தனர். அவையும் ஓரத்திற் பச்சையாய் ஏறின. இதுகாறும் 212 பக்கங்கள் படியெடுக்கப்பட்டன. அவற்றுட் பச்சை ஏறாத பக்கங்கள் மிகச் சில.

தில்லையிற் பூட்டியிருந்த தேவார ஏடுகளிற் செல்லரித்தவை போக எஞ்சியவையே நம்பியாண்டார் நம்பிக்கும் சோழ மன்னனுக்கும் கிடைத்தன என்பது திருமுறைகண்ட புராணங் கூறும் வரலாறு. அன்று எஞ்சியவை இன்றுவரை வந்தது, அவ்வோலைகளே நின்றமையாலன்று. தலைமுறைதோறும் ஒருவர் படிக்க ஒருவர் புதிய ஓலையில் எழுதிவந்தமையாலேயாம். புதுச்சேரியில் 1955-இற் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில், ஓலைச்சுவடிகளோடு அவற்றினின்று தாளிற் பெயர்த்தெழுதியவையும் பேணப்படுகின்றன. அந்நகரத்துச் சைவச் சுவடித்தொகுதி 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு அமைப்பாரின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிற்று. ஓலையும் அழியும், தாளும் அழியும், உறுதியுடைய மையும் ஒருநாள் மங்கும். அழியுமுன் மற்றொரு கை எழுதிவைப்பதே காப்பு.

ஆதலின் நல்லாசிரியர்பாற் கேட்ட பாடக்குறிப்பும், முன்னோர் எழுதிய கையேடும் வீட்டில் உடையார், ஐப்பசி மழைக்கு முன்னரே அவற்றைப் பரணினின்று இறக்கி வெளிச்சத்தில் விரித்து நோக்குக. உள்ளதைக் கரி மையிற் படியெடுக்க. இல்லாததை உள்ளதுபோல் எழுதாதொழிக. நினைவென்று தெரியும்படி வேறு நிறத்தில் எழுதுக. அதற்கு மினுங்கும் மை கிடைக்குமாயின் அதுவும் நன்றே. அதன் மினுக்கைக் கண்டு வீட்டுப்பிள்ளை ஒன்று பேனாவை எடுக்குமாயின் அது மிக நன்று.